ஊர் சுற்றுவதும் கல்விதான்!

"படிக்கப் போனானா, ஊர் சுற்றப் போனானா?"

உழைப்பாளி வீட்டுப் பிள்ளை ஒருவன் கடல் கடந்து படிக்கப் போகிறான். ஞாயிற்றுக்கிழமையன்று நாலு நண்பர்களோடு அந்த நகரத்து வீதிகளில் நடந்து, ஆற்றுப் பாலத்தின்மீது நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறான். அவ்வளவுதான், ஊரிலே இந்தக் கேள்வி கிளம்பிவிடுகிறது. சர்க்கார் பணத்தில் உல்லாசமாம்! உதவித்தொகையில் ஊதாரித்தனமாம்!

ஆலை முதலாளியின் மகன் லண்டன் போய் வந்தால் "உலகம் கண்டவர்" என்று மாலை போடுகிறார்கள். ஊத்தங்கரைக் கூலிக்காரரின் மகள் போனால் "ஊர் சுற்றி" என்று பட்டம் கட்டுகிறார்கள். வீதி ஒன்றுதான், பாலமும் ஒன்றுதான். நடந்த கால்கள்தான் வேறு. கால்களைப் பார்த்துப் பெயர் சூட்டும் இந்தப் புத்தியைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

அயல்நாட்டு வீதி ஒரு மாணவனுக்கு என்ன கற்றுத்தரும் என்று கேட்போருக்கு, வரலாற்றிலிருந்தே விடை சொல்வோம்.

1913-ஆம் ஆண்டு. பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையில், 22 வயது இளைஞர் ஒருவர் நியூயார்க் நகரில் வந்திறங்கினார். மாதம் பதினொன்றரைப் பவுன்தான் அவருக்குப் படி. கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு தங்கினார். அரைவயிற்றுக்கு உண்டு, மிச்சம் பிடித்த காசில் நகரத்துப் பழைய புத்தகக் கடைகளை அலசினார். அப்படிச் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் என்பர். அந்த இளைஞர்தான் அண்ணல் அம்பேத்கர்.

அந்த நகரம் அவருக்குக் கொடுத்தது புத்தகம் மட்டுமா? இல்லை. அங்கே அவர் எந்த வீதியிலும் நடக்கலாம். எந்த மேசையிலும் அமரலாம். நண்பர்களோடு ஒரே இடத்தில் உண்ணலாம். என்ன சாதி என்று கேட்க ஆளில்லை. அயல்நாட்டில் கழித்த அந்த ஆண்டுகள், தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவையே தம் மனத்திலிருந்து துடைத்துவிட்டன என்று அவரே பின்னாளில் எழுதினார். அதே சமயம், கொலம்பியாவுக்குப் பக்கத்திலேயே கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் இருந்தது. சமத்துவம் பேசும் நாட்டிலும் நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். 1946-இல் அம்பேத்கர், கறுப்பின மக்களின் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவைப் பற்றி விசாரித்தார்.

1917-இல் அவர் நாடு திரும்பினார். அவருடைய நூல்களை ஏற்றிவந்த கப்பல், போரில் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது. அதைவிடப் பெரிய அடி பரோடாவில் காத்திருந்தது. மன்னரின் அரசில் அதிகாரியாக வேலைக்கு வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை! பார்சி விடுதியொன்றில் பெயரை மாற்றித் தங்கினார். பதினொன்றாம் நாள் தடிகளோடு வந்து மிரட்டி வெளியேற்றினார்கள். தெரிந்தவர்கள் இருவரிடம் இடம் கேட்டார், இருவரும் கைவிரித்தனர். பொதுப் பூங்காவில் உட்கார்ந்து நேரத்தைக் கழித்து, இரவு ரயிலேறிப் பம்பாய் திரும்பினார்.

நியூயார்க்கில் வீதி திறந்திருந்தது. பரோடாவில் கதவு சாத்தியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவரால்தான், "இது விதியல்ல, மனிதன் செய்த வேலி" என்று உணர முடியும். அந்த ஒப்பீட்டை எந்தப் பாடப்புத்தகமும் அவருக்குத் தந்திருக்காது.

காந்தியாரும் 1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போனார். வண்டிக்காசை மிச்சம் பிடிக்க நாளொன்றுக்கு எட்டு, பத்து மைல் நடந்தார். மரக்கறி உணவுச்சாலையைத் தேடித் தெருத் தெருவாக அலைந்தார். அந்த அலைச்சல்தான் அவரை ஒரு சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூட்டம் நடத்தவும் பத்திரிகைக்கு எழுதவும் பழக்கியது.

இனி நம் வட்டாரத்தைப் பார்ப்போம்.

மதிப்பெண்ணுக்குப் பேர்போனது ஊத்தங்கரை. 2016-இல் பிளஸ் டூ தேர்வில் மாநில முதலிடம் இங்குள்ள பள்ளி ஒன்றுக்கே வந்தது. மறுப்பார் இல்லை, பெருமைதான். ஆனால் இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் வளரும் முறை என்ன? உயர்ந்த மதில்; விடியுமுன் படிப்பு; இரவு வரை தேர்வு. பக்கத்திலிருக்கும் பாம்பாறு அணையைக்கூட எட்டிப் பார்க்காமல் இரண்டாண்டை முடித்தவர் எத்தனை பேர்! அப்படி மதிலுக்குள் வளர்ந்த பிள்ளை முதல்முறையாக ஒரு நகரத்தில் தன் காலால் நடந்தால், அதற்கும் கணக்குக் கேட்பதா?

பிள்ளை மட்டுமா? தகப்பனையும் பாருங்கள். கல்லாவியிலிருந்தும் சிங்காரப்பேட்டையிலிருந்தும் பெங்களூருக்குப் பஸ் ஏறும் கட்டடத் தொழிலாளி, மாடி மாடியாக அந்த நகரத்தை எழுப்புகிறான். அவன் பார்த்தது சாரம், சிமெண்டு, தகரக் கொட்டகை. தான் கட்டிய நகரத்தில் ஒரு மாலை நேரம் சும்மா நடந்து பார்க்க அவனுக்கு நேரமில்லை. ஓசூர் ஆலைகளுக்கு விடுதியிலிருந்து வேனில் போய் வேனில் திரும்பும் நம் பெண்களுக்கும் அதே கதைதான்.

தோழர்களே, எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் எங்களுக்கே என்று முழங்கியது தொழிலாளர் இயக்கம். 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றியதன் பொருளும் அதுதான். கூலி கொடுக்கும் முதலாளி, "ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய்?" என்று கேட்டால் பொறுப்போமா? பிறகு உதவித்தொகை வாங்கும் மாணவனிடம் மட்டும் அந்தக் கேள்வி எதற்கு?

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வகுப்புக்குப் போனானா? தேறினானா? கேளுங்கள்; கேட்டே தீரவேண்டும். ஓய்வு நாளில் நண்பர்களோடு நடந்ததற்கு மட்டும் கணக்குக் கேட்காதீர்கள். பிரிட்டனில் பட்டப் படிப்புக்குப் போகும் அயல்நாட்டு மாணவர், படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வகுப்பு முடிந்து ஓட்டலில் தட்டுக் கழுவி அறை வாடகை கட்டும் பிள்ளைகளுக்கு, காசில்லாமல் கிடைக்கும் இன்பம் அந்த நடை ஒன்றுதான்.

கணக்குக் கேட்க வேண்டிய இடம் வேறு. ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகையில் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்களே. 2025-இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் ஆணை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு "நிதி இருந்தால்" என்றார்கள். அந்த 66 வீடுகளின் தவிப்பைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குப் பொருமியவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனி அயல்நாட்டு உதவித்தொகைக்கு வகை செய்தது. ஆண்டுக்கு 36 லட்ச ரூபாய் வரை அதில் இடமுண்டு. அந்தச் செய்தி ஊத்தங்கரைக் காலனிகளின் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்ததா? விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் உண்டா? அது நம் கிளைகளின் வேலை. மாலை நேரத்தில் ஒரு மேசையும் இரண்டு படித்த தோழர்களும் போதும்.

இன்னொரு வேலையும் உண்டு. கடல் கடந்து போன பிள்ளை, எந்த வீதியிலும் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று கற்றுக்கொண்டு திரும்புவான். திரும்பும் நாளில் அவனுக்கு ஒரு பரோடா காத்திருக்கக் கூடாது. தனிக்குவளையும் தனிச்சுடுகாடும் இருக்கும் ஊரில் அவன் பட்டத்துக்கு என்ன மதிப்பு?

பிள்ளைகளைப் போகவிடுங்கள். நகரங்களைச் சுற்றிப் பார்க்கட்டும், நண்பர்களோடு நடக்கட்டும். அவர்கள் திரும்பி வருமுன் நம் ஊர் வீதியை நாம் சீர்செய்வோம்!