பானம் இலவசம்... பரிமாறியவரின் உழைப்புமா?

டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. மேல்தளத்தில், நீச்சல்குளத்தை ஒட்டிய பாரில் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஹூஸ்டனில் வேலை பார்க்கும் மகன், மருமகள், கோவையிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. ஏழு இரவுப் பயணம். கோசுமெல், ரோவாட்டன் என்று கரீபியன் கடலோர ஊர்களைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும்.

மகனுக்கு ஒரு காக்டெய்ல் வந்தது. அப்பாவுக்கு மதுப்பழக்கம் கிடையாது. அவருக்குப் புதினாவும் எலுமிச்சையும் போட்ட மாக்டெய்ல். கூடவே இரண்டு ரசீதுகள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காந்திபுரத்தில் முப்பது வருடம் மெஸ் நடத்தியவர். பில் என்றால் கண் தானாகப் போய்விடும்.

"ஏங்கண்ணு, என்னோட ஜூஸுக்கு எட்டு டாலர். அதுக்குமேல ஒரு டாலர் நாப்பத்துநாலு சென்ட் போட்டிருக்கான். உன்னோடதுல எல்லாமே சைபரா இருக்குதே?"

மகன் சிரித்தான். "நான் இந்தக் கம்பெனி கப்பல்ல நிறைய தடவை வந்திருக்கேனுங்கப்பா. அதனால எனக்கு தினமும் நாலு டிரிங்க் ஃப்ரீ. உங்க பில்லுல இருக்கிற 1.44 சர்வீஸ் சார்ஜ். பதினெட்டு பர்சென்ட்."

"அது யாருக்குப் போகும்?"

"சர்வ் பண்றவங்களுக்குத்தான்."

"அப்ப, உனக்குப் போட்டுக் கொடுத்ததுக்கு அந்தத் தம்பிக்கு என்ன போகும்?"

மகன் பதில் சொல்லவில்லை. ரசீதின் கீழே 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு வரி காலியாக இருந்தது. இத்தனை பயணங்களில் அந்த வரியை அவன் ஒருமுறைகூட நிரப்பியதில்லை.

சலுகை யார் தருவது, யார் தலையில் விழுவது?

கடல் சுற்றுலா என்பது வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், சிங்கப்பூரில் கப்பலேறும் தேனிலவுத் தம்பதி, சென்னையிலிருந்தே பயணம் போகிறவர்கள் என்று நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டு, இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் கப்பல் போனது. ஆகவே இந்த டிப்ஸ் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. மது அருந்தாதவர்களுக்கும் இது பொருந்தும். பழச்சாறு, மாக்டெய்ல், ஸ்பெஷல் காபி எல்லாம் பெரும்பாலும் அதே கவுன்ட்டரில், அதே கைகளால்தான் வருகின்றன.

அமெரிக்கச் சந்தையை நம்பி ஓடும் பெரிய கப்பல் நிறுவனங்களில், ஒவ்வொரு பானத்தின் விலையோடும் 18 முதல் 20 சதவிகிதம் சேவைக் கட்டணம் தானாகவே சேர்ந்துவிடும். 14 டாலர் பானம் என்றால், 18 சதவிகிதக் கணக்கில் 2.52 டாலர். மொத்தம் 16.52. இப்படி முழு விலை கொடுத்து வாங்குகிறவர் அதற்கு மேல் டிப்ஸ் தரவேண்டிய கட்டாயம் இல்லை. தந்தால் அது அவர் பிரியம்.

சிக்கல், சலுகையில் வாங்கும்போதுதான் வருகிறது. சலுகைகள் பெரும்பாலும் மூன்று விதம்.

முதலாவது, விலைக் குறைப்பு. 14 டாலர் பானத்தைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணத்தைக் குறைந்த விலையின் மேல் கணக்கிட்டால், அது 1.26 டாலராகிவிடும். பயணிக்குப் பாதி விலை; பரிமாறியவருக்கும் பாதி வருமானம். ஆனால் அவர் பாதிக் கோப்பையைக் கலக்கவில்லையே!

இரண்டாவது, இலவச வவுச்சர். அடிக்கடி வரும் வாடிக்கையாளர்களுக்குத் தருவது. உதாரணமாக, ராயல் கரீபியன் நிறுவனத்தின் விசுவாசத் திட்டத்தில் டைமண்ட் நிலையை எட்டியவர்களுக்குத் தினமும் 4, டைமண்ட் பிளஸ் என்றால் 5, பினக்கிள் என்றால் 6 பானங்கள். பில் பூஜ்யம் என்றால் பூஜ்யத்தில் 18 சதவிகிதமும் பூஜ்யம்தான்.

மூன்றாவது, பானத் தொகுப்பு. மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டிவிடுவது. இதில் வாங்கும்போதே சேவைக் கட்டணத்தையும் பெரும்பாலும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். 'தொகுப்பு இலவசம்' என்று விளம்பரம் செய்துவிட்டு, அதற்கான சேவைக் கட்டணத்தை மட்டும் பயணியிடம் வசூலிக்கும் நிறுவனங்களும் உண்டு. எனவே தொகுப்பு வைத்திருப்பவர், டிப்ஸ் கொடுக்கவில்லையே என்று குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. முன்பதிவு ரசீதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆக, கவனிக்க வேண்டியவை முதல் இரண்டும்தான்.

'தினமும் டிப்ஸ் பிடிக்கிறாங்களே?'

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஆமாம், பல கப்பல்களில் ஆளுக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று டிப்ஸ் தனியாகப் பிடிக்கிறார்கள். அது அறையைச் சுத்தம் செய்பவர், சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுபவர், கண்ணில் படாமல் துணி துவைப்பவர், பாத்திரம் கழுவுபவர் எனப் பலருக்கும் பிரியும். எப்படிப் பிரியும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பார் பில்லில் ஏறும் சேவைக் கட்டணம் அதிலிருந்து தனி.

டிப்ஸ் என்றால் நம் ஊரில் மிச்சச் சில்லறை. அமெரிக்காவில் அது கிட்டத்தட்ட சம்பளத்தின் ஒரு பகுதி. டிப்ஸ் வாங்கும் ஊழியர்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய அடிப்படைக் கூலி, அந்த நாட்டின் மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அந்தத் தொகை மாறவே இல்லை. டிப்ஸையும் சேர்த்துக் குறைந்தபட்சக் கூலி வரவில்லை என்றால்தான் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். டெக்சாஸிலும் இதே கணக்குதான்.

கரையைவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டால் கதை இன்னும் வேறு. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைத் தாங்கியவை. அமெரிக்கக் கூலிச் சட்டம் அங்கே செல்லாது. அந்த ஊழியர்களுக்குப் பாதுகாப்பாக இருப்பது 2006-ல் உருவாகி, 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியாவும் 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை நேரம் ஒரு நாளைக்கு 14 மணி நேரத்தையும் வாரத்துக்கு 72 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. அல்லது, ஒரு நாளைக்குக் குறைந்தது 10 மணி நேரமும் வாரத்துக்கு 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். வரம்பே இந்த அளவு என்றால், வேலை எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பரிமாறிக்கொண்டிருந்த இளைஞரின் சட்டையில் பெயரும், அதற்குக் கீழே 'இந்தோனேசியா' என்றும் எழுதியிருந்தது. மருமகள் பேச்சுக் கொடுத்தாள். ஊரில் இரண்டு வயதில் மகள் இருக்கிறாளாம். கப்பலேறி ஐந்து மாதம் ஆகிறதாம். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம். வாரவிடுமுறை என்று தனியாக ஒரு நாள் கிடையாது. சில நாள் சில மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் கப்பல் துறைமுகத்தில் நின்றால் இறங்கி, வைஃபை கிடைக்கிற இடம் பார்த்து உட்கார்ந்து வீடியோ காலில் மகளைப் பார்ப்பாராம்.

"கேட்டீங்களாங்க?" என்றார் அம்மா. அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

மெஸ் டோக்கன் கணக்கு

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா ஆரம்பித்தார். "நம்ம மெஸ்ஸுல மாச டோக்கன் உண்டல்ல, ஞாபகம் இருக்குதா?"

மகனுக்கு ஞாபகம் இருந்தது. முப்பது சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டினால் விலையில் கொஞ்சம் குறைத்து, டோக்கன் புத்தகம் கொடுப்பார்கள். பேச்சிலர் பையன்கள், கம்பெனி ஆட்கள் எல்லாம் அதில்தான் சாப்பிடுவார்கள்.

"காசு கொடுத்துச் சாப்பிடறவங்க மிச்சச் சில்லறையை சப்ளையருக்கு விட்டுட்டுப் போவாங்க. டோக்கன்காரங்க கையில சில்லறையே இருக்காது. டோக்கனைக் கிழிச்சு வெச்சுட்டுப் போயிருவாங்க. கொஞ்ச நாள்ல பார்த்தா, டோக்கன்காரங்க உட்கார்ற டேபிளுக்குப் போகறதுக்கு சப்ளையருக யாருக்குமே இஷ்டமில்ல. எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது. ஆள் சேரணும்னு விலையைக் குறைச்சவன் நானு. லாபமும் எனக்குத்தான். நட்டம் மட்டும் இலை போட்டவனுக்கு. அதுக்கப்புறம் டோக்கனுக்கு இவ்வளவுன்னு நானே சப்ளையருக கணக்குல சேர்த்துட்டேன்."

"இங்க கம்பெனிதான் சேர்க்கணுங்கப்பா" என்றான் மகன்.

"சேர்க்கணுந்தான். சேர்க்கலைன்னா? நீ கம்பெனிகிட்ட நியாயம் கேட்டு முடிக்கறதுக்குள்ள அந்தத் தம்பி ஊருக்கே போயிருவானே!"

மகன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஊழியருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுப்பது முதலாளியின் கடமை. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்பது உலகம் முழுக்க நடக்கும் வாதம். ஆனால், அந்த வாதத்தில் ஜெயிக்கும்வரை இன்றைய பானத்தைக் கலந்து கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை என்றாகிவிடக் கூடாது.

எவ்வளவு கொடுப்பது?

அமெரிக்க உணவகங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தள்ளுபடிக் கூப்பனில் சாப்பிட்டாலும், டிப்ஸை முழு விலைக்குக் கணக்கிட வேண்டும். கடையின் சலுகை சாப்பாட்டு விலைக்குத்தான். பரிமாறியவரின் உழைப்புக்கு அல்ல. கப்பலிலும் இதே கணக்கைப் பின்பற்றலாம்.

பாதி விலைப் பானம் என்றால், பில்லில் ஏற்கெனவே ஏறியிருக்கும் சேவைக் கட்டணத்தோடு ஒரு டாலர் சேர்த்தால், கிட்டத்தட்ட முழு விலைக்கான டிப்ஸ் ஆகிவிடும். இலவச வவுச்சர் என்றால், ஊற்றிக் கொடுக்கும் சாதாரண பானத்துக்கு ஒரு டாலர், நேரமெடுத்துக் கலக்கும் பானத்துக்கு இரண்டு டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். மனக்கணக்குக்கும் சுலபம்.

இன்னும் சில விஷயங்கள்:

* கப்பலில் எல்லாமே அறை அட்டையில் ஓடும். ரொக்கம் கையில் இருக்காது. ஏறும் முன்பே ஒரு டாலர் நோட்டுகள் கொஞ்சம் எடுத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ரசீதின் கூடுதல் டிப்ஸ் வரியில் தொகையை எழுதிவிடலாம்.

* 'கடைசி நாள் மொத்தமாகக் கொடுத்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம். பணியாளர்களைப் பார் விட்டு பார் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசி நாள் நிற்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.

* டிப்ஸ் கொடுத்துவிட்டு, 'கொஞ்சம் தாராளமா ஊத்துங்க' என்று கேட்பது அவர் வேலைக்கே வினையாகலாம். ஒவ்வொரு அளவுக்கும் கணக்கு உண்டு.

* கொடுக்க வசதியில்லாத நாளில் முகம் பார்த்து நன்றி சொல்லலாம். பெயரைக் குறித்துவைத்து, பயணம் முடிந்ததும் நிறுவனம் அனுப்பும் கருத்துப் படிவத்தில் எழுதலாம். அந்தப் பாராட்டை மேலதிகாரிகள் பார்ப்பார்கள்.

* எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி இல்லை. டிப்ஸைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துவிடும் நிறுவனங்களும் உண்டு. முதல் ரசீதில் சேவைக் கட்டணம் என்ற வரி இருக்கிறதா, தொகை இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

கடைசி நாள் கணக்கு

எட்டாம் நாள் காலை. கப்பல் மறுபடியும் கால்வெஸ்டனில் நின்றது. இறங்குவதற்கு வரிசையில் நிற்கும்போது மகன் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஏழு நாளில் 22 இலவச பானங்கள். முழு விலைக்கு வாங்கியிருந்தால், சேவைக் கட்டணத்தோடு 363 டாலர் ஆகியிருக்கும். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு டாலர் கொடுத்திருந்தான். முதல் நாள் விட்டுப்போனதையும் மறுநாள் அந்த இந்தோனேசிய இளைஞரைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டான். மொத்தம் 44 டாலர்.

"அதெல்லாம் போக உனக்கு எவ்வளவு மிச்சம்?" என்றார் அப்பா.

"முன்னூத்திப் பத்தொன்பதுங்கப்பா."

"அது போதாதா கண்ணு?" என்றபடி, பெட்டியை உருட்டிக்கொண்டு வரிசையில் முன்னால் நகர்ந்தார்.