லாரி இல்லாத பாதையிலே…

 

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் ஆயத்தமாவது பற்றி இப்பகுதியில் முன்பு எழுதியிருக்கிறேன். இம்மாதம் எழுத எடுத்துக்கொண்டிருப்பது ஐந்தாறு கிலோமீட்டர் தூரமே உள்ள ஒரு பயணம். அதுவும் மிதிவண்டிப் பயணம். இதற்கென்ன ஆயத்தம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தச் சிறு தூரத்தைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

சிங்கப்பூரில் மகள் வீட்டில் வசிக்கும் என் தங்கையைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஓரிரவு, உணவு முடிந்த நேரத்தில் வீட்டில் ஒரு விவாதம் மூண்டது. தங்கையின் பேத்திக்குப் பன்னிரண்டு வயதாகிறது. "இனி நீ சைக்கிள் ஓட்ட வேண்டாம். வெளியே காரும் பஸ்ஸும் எப்படிப் பறக்கின்றன, பார்த்தாயல்லவா?" என்று தாய் தடை போட்டுவிட்டாள். அண்ணனுக்கு மட்டும் தடையில்லை. சிறுமி கண் கலங்கினாள். அதுவரை பேசாதிருந்த தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"காக்கா, கார், பஸ் இல்லாத பாதையாக ஒன்று பாருங்கள். இவளும் ஓட்டட்டும், கூட நானும் ஓட்டுகிறேன். நாளையும் நேரத்தையும் நீங்களே முடிவு செய்யுங்கள்."

அறுபத்து நான்கு வயதுப் பெண்மணி சொன்ன சொல் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளட்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பேரனைக் கூப்பிட்டு இடம் விசாரித்தேன். அவன் சொன்ன இடந்தான் 'ரெயில் காரிடார்'.

சிங்கப்பூர் சென்றுவந்த பெரியவர்கள் பலருக்குத் தஞ்சோங் பகார் இரயில் நிலையம் நினைவிருக்கும். 1932-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்நிலையத்திலிருந்துதான் மலேசியாவுக்கு இரயில் ஏறுவார்கள். தீவின் தெற்கிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை சென்ற அந்தப் பாதையில் 2011 ஜூன் 30 அன்று இரவு கடைசி இரயில் ஓடியது. ஜொகூர் சுல்தான் அவர்களே அதை ஓட்டிச் சென்றார்கள். பின்னர் தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. அந்நிலத்தைக் கட்டடங்களுக்குக் கொடுத்துவிடாமல் பசுமை வழியாகவே காக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் வலியுறுத்தினார்கள். இன்று ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்கு நடப்பவர்களும் ஓடுபவர்களும் மிதிவண்டிக்காரர்களும் பயன்படுத்தும் பாதையாக அது விளங்குகிறது. மோட்டார் வாகனங்களுக்கு அங்கே இடமில்லை.

பழைய இரயில் பாதை மிதிவண்டிக்கு ஏற்றதாக அமைவதற்குத் தக்க காரணம் உண்டு. இரயில் வண்டியால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் மெல்லிய சரிவாகவே வழியமைத்தார்கள். சாலைகள் குறுக்கிட்ட பல இடங்களில் மேலே பாலம் போட்டார்கள். எஞ்சினுக்காகச் செய்த அந்த ஏற்பாடு, இன்று முழங்கால் வலிக்காரருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உதவுகிறது.

பேரன் ஆர்வத்தோடு திட்டம் சொன்னான்: "முழு இருபத்து நான்கு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் போய்விடலாம்!" அவன் கால்களுக்கு அது சரியே. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் அவன் பறப்பான். ஆனால், பயணத்தின் அளவை வலியவர் தீர்மானிக்கலாமா?

தொழுகை நடத்துபவர் சுருக்கமாக நடத்த வேண்டும். பின்னால் பலவீனரும் நோயாளியும் முதியவரும் இருப்பார்கள் என்று நபிகளார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். இறைவன் முன் நிற்கும் தொழுகையிலேயே பலவீனருக்கு இத்துணை கவனிப்பு என்றால், உல்லாசப் பயணத்தில் எவ்வளவு வேண்டும்! எனவே தங்கையை அளவுகோலாக வைத்துத் திட்டத்தை மாற்றினேன்.

அத்திட்டத்தை இங்கே விரித்துரைக்கிறேன். எந்த ஊரில் எந்தப் பாதையில் குடும்பத்தோடு செல்வோருக்கும் இது உதவும், இன்ஷா அல்லாஹ்.

முதலாவது, தூரம். பாதையின் நடுப்பகுதியில் பழைய புக்கிட் தீமா இரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே ஹில்வியூ வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். இடையில் இரண்டு பழைய இரும்புப் பாலங்கள் உண்டு. இரண்டாம் பாலம் வரை போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம். பழகாதவர் மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான் போவார். அடிக்கடி இளைப்பாறவும் வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரம் ஒதுக்கினேன். போகும்போது இருக்கும் தெம்பு திரும்பும்போது இராது. பலவீனரின் தெம்பில் பாதி தீரும் இடமே திரும்பும் இடம் என்பதைப் புறப்படுமுன்பே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, நேரம். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டியே சூரியன் உதிக்கிறது. லுஹருடைய நேரம் பகல் ஒரு மணி வாக்கில் வருகிறது. சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பி, ஆற அமர லுஹருக்குத் தயாராகலாம். பிற்பகலில் அங்கே இடியுடன் மழை பெய்வது வழக்கம். கப்பியும் புல்லும் கலந்த தரையில் மழைக்குப் பின் வழுக்கும். நெடுந்தூரம் செல்வோர் எந்தப் பகுதியாவது வேலைக்காக மூடப்பட்டிருக்கிறதா என்பதையும், வழியில் தொழுமிடம் எங்கே என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். தெற்கே குவீன்ஸ்வே பக்கமாகச் செல்வோருக்கு, பாதைக்கு அருகிலேயே ஹாங் ஜெபாட் பள்ளிவாசல் இருக்கிறது.

மூன்றாவது, வண்டியும் உடையும். பழகாதவருக்குச் சீட்டைத் தாழ்த்தி, இரு பாதங்களும் தரையில் நன்றாக ஊன்றும்படி வைக்க வேண்டும். காற்று, பிரேக், செயின் மூன்றையும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். செயினுக்கு மூடியுள்ள வண்டியே பெண்களுக்கு ஏற்றது. தரையைத் தொடும் புர்காவின் ஓரம் செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் பேராபத்து. அதற்குப் பதில் முழங்காலுக்குக் கீழே வரும் தளர்ந்த மேலாடையும், கணுக்காலில் இறுகிய காற்சட்டையும் அணிந்தால் மறைப்பும் குறையாது, சிக்கலும் வராது. தலைக்கவசத்துக்கு அடியில் முக்காட்டு ஊசி இருக்கக் கூடாது, விழுந்தால் குத்திவிடும்.

நான்காவது, அடுத்தவர் உரிமை. வாகனமில்லாப் பாதையில் கார் கொண்டிருந்த பொறுப்பு மிதிவண்டிக்கு வந்துவிடுகிறது. நடப்பவருக்கு நாம்தான் லாரி! சிங்கப்பூரில் இத்தகைய பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது என்பது சட்டம். இடப்பக்கம் செல்வதும், முந்துமுன் மணியடிப்பதும், நெரிசலான பாலத்தில் இறங்கி உருட்டிச் செல்வதும் நம் கடமை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்திருக்கிறோம். நாமே அத்தொல்லையாகிவிடலாமா? அங்கே காட்டுக் குரங்குகளும் உலவும். அவற்றுக்குத் தீனி போடுவது குற்றம். தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டோம்.

ஆயத்தம் முடிந்தது. இனி, நான் சிரிக்காத காரணத்துக்கு வருகிறேன்.

1973-ஆம் ஆண்டு. கடற்கரையோரத்து எங்கள் ஊர். எனக்குப் பதினேழு வயது, தங்கைக்குப் பன்னிரண்டு. வாப்பாவின் பெரிய சைக்கிளைப் பிற்பகலில் தள்ளிக்கொண்டு போய்க் குரங்குப் பெடல் போட்டே ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் கடைத்தெருவில் அவள் ஓட்டிச் செல்வதைக் கண்டேன். டீக்கடையில் இருந்த சிலரும் கண்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். வீட்டுக்குப் போன நான் வாப்பாவிடம், "கடைத்தெருவில் லாரிகள் வருகின்றன. இவள் சைக்கிளைத் தொடக் கூடாது" என்றேன். அன்றோடு அது முடிந்தது. அவள் அழவுமில்லை, கேட்கவுமில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கூடமும் நின்றது. தூரத்திலிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு நடந்து போக முடியாதல்லவா?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு மிதிவண்டி கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரமாயிரம் பெண்கள் பழகினார்கள். அவர்களில் நம் சமுதாயத்துச் சகோதரிகளும் இருந்தார்கள். ஏளனம் செய்தவர்களைப் பொருட்படுத்தாமல் ஓட்டினார்கள். அச்செய்தியைப் படித்த நாளில் என் தங்கையை நினைத்தேன். ஆனால், அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்குப் புக்கிட் தீமா நிலையத்தை அடைந்தோம். சிறிய செங்கல் கட்டடம்; அதன் முன்னே நடைமேடை; சுற்றிலும் பச்சைப் புல். பெடலை மறந்துவிட்டு, சீட்டில் அமர்ந்து கால்களால் தரையை உந்தி உந்திப் போகுமாறு தங்கைக்குச் சொன்னேன். சமநிலை வந்த பிறகுதான் பெடல். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. பேத்தி அருகிலேயே இருந்தாள். எட்டு மணி சுமாருக்கு ஐந்தாறு சுற்று மிதித்தாள் தங்கை. பிறகு பத்து. பிறகு நிற்கவே இல்லை! அவளையே முன்னே விட்டு நாங்கள் எல்லோரும் பின்னால் சென்றோம். மரங்கள் இருபுறமும் கவிந்த அப்பாதையில் பறவைகளின் ஓசையும் சக்கரங்களின் ஓசையுமே கேட்டன.

இரண்டாம் பாலத்துக்கு முன்பே அவள் வண்டியை நிறுத்திவிட்டாள். "இது போதும், காக்கா." பேரனுக்கு ஏமாற்றம். ஆயினும் சொன்னபடி எல்லோரும் திரும்பினோம்.

தண்ணீர் அருந்த அமர்ந்தபோது தங்கை தாழ்ந்த குரலில் கேட்டாள்: "காக்கா, அன்றைக்கு நீங்கள் லாரியைப் பார்த்தா பயந்தீர்கள்?"

எத்தனை ஆண்டுகளாக இக்கேள்வியை வைத்திருந்தாளோ! பொய் சொல்ல நாவு வரவில்லை.

"இல்லை, தங்கச்சி. ஊர் வாயைப் பார்த்துப் பயந்தேன். என்னை மன்னித்துவிடு."

அவள் தலையை அசைத்தாள். "எனக்கு அப்போதே தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்திலிருந்த அவள் மகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "எனக்குக் காரைப் பார்த்தும் பயந்தான், மாமா. ஆனால், கார் மட்டுமே காரணமில்லை" என்றாள். இப்போது சனிக்கிழமைதோறும் தாயும் மகளும் சேர்ந்தே அப்பாதைக்குச் செல்கிறார்கள் என்று தங்கை தொலைபேசியில் சொல்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்!

சகோதரர்களே! சாலையில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ச் சாலைகளைப் பார்த்து அஞ்சாத பெற்றோர் யார்? ஆனால் ஆபத்துக்கு அஞ்சுகிறவர், ஆபத்தில்லாத இடத்தைத் தேடிக் கொடுப்பார். ஊர் வாய்க்கு அஞ்சுகிறவர்தாம் அடியோடு தடுத்துவிட்டு ஆபத்தின் மேல் பழி போடுவார். நீங்கள் எவ்வகை என்பதை அறிய ஒரே சோதனை போதும். அதிகாலையில் வெறுமையாயிருக்கும் பள்ளி மைதானமோ, ஈத்காஹ் திடலோ, கண்மாய்க்கரையோ உங்கள் ஊரில் இருக்கும். அங்கே உங்கள் மகளை அழைத்துச் செல்ல மனம் வருகிறதா? வந்தால் உங்கள் அச்சம் உண்மையான அச்சம். வராவிட்டால் நான் 1973-இல் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள்.

பயணம் ஒன்றில் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதலில் அன்னையார் வென்றார்கள். பின்னொரு காலத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வென்றார்கள். கண்ணியமும் குறையவில்லை, களிப்பும் குறையவில்லை. கூட்டத்தை முன்னே அனுப்பி இடம் ஏற்படுத்திக் கொடுத்த அந்தப் பரிவை நாம் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டுப் பெண்மக்களுக்கு அத்தகைய இடத்தை ஏற்படுத்திக் கொடுக்கும் நல்லெண்ணத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.