குறுக்குவழியும் நேர்வழியும்

அந்தமான் தீவுகளில் தேங்காய்க்குக் குறைவில்லை. தேங்காயைத் துருவியபின் சிரட்டை அடுப்புக்கோ குப்பைக்கோ போய்விடுகிறது. அதே வீட்டின் அலமாரியிலோ, கடற்கரையில் பொறுக்கிய சங்குகளும் பவளத் துண்டுகளும் அழகுப் பொருள்களாக அமர்ந்திருக்கின்றன. வீட்டுக் கைவினைக்கு இவற்றுள் எது ஏற்றது? குப்பைக்குப் போகும் சிரட்டையே ஏற்றது எனத் துணிந்து கூறலாம்.

குமரி மாவட்டத்தார் சிரட்டை என்பதைப் பிற பகுதியினர் கொட்டாங்கச்சி என்பர். பெயர் எதுவாயினும் பயன் ஒன்றே. நம் முன்னோர் அதில் மூங்கிற் காம்பைச் செருகி அகப்பை செய்தனர். 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்னும் பழமொழியில் வருவதும் அந்த அகப்பையே. நிக்கோபார் மக்களும் முற்காலத்தில் சிரட்டைகளைத் தண்ணீர்க் கலங்களாகப் பயன்படுத்தினர்.

சிரட்டை வேலை கடினமானது என்று பலர் எண்ணுகின்றனர். பொருளின் இயல்பை அறிந்தவருக்கு அது எளிது. சிரட்டையை ஓர் இரவு நீரில் ஊறவைத்தால், மேலே ஒட்டியுள்ள நார் இளகிவிடும். பாதி உழைப்பு மிச்சமாகும். காம்பு செருகவோ கயிறு கோக்கவோ துளை வேண்டுமாயின், தேங்காயின் மூன்று கண்களுள் மெல்லிய கண்ணைப் பயன்படுத்தலாம். முளை வெளிவருவதற்கு இயற்கை வைத்த வாயில் அது. பிறகு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 80 எண் கொண்ட சொரசொரப்பான தாளில் தொடங்கி, 120, 220 என முன்னேறுவது முறை. எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும். தேய்க்கும்போது தூசி உள்ளே செல்லாதவாறு மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் நலம். இறுதியில் சில துளி தேங்காயெண்ணெய் தடவினால் சிரட்டை கருமையாக மின்னும். உணவுக்குப் பயன்படும் பொருளுக்கு வார்னிஷ் பூசுதல் கூடாது.

மழையும் உப்புக்காற்றும் மிகுந்த தீவில் ஊசியும் கத்தரிக்கோலும் விரைவில் துருப்பிடிக்கும். அவற்றை எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி வைத்தால் நெடுநாள் உழைக்கும். நூலை மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துவிட்டால் தைக்கும்போது சிக்கல் விழாது. தேய்ந்துபோன சோப்புத் துண்டால் துணியில் கோடு வரையலாம். துவைத்ததும் கோடு மறைந்துவிடும்.

இவையெல்லாம் குறுக்குவழிகளே. ஆயினும் எல்லாக் குறுக்குவழிகளும் நல்லவை அல்ல. 80 எண் தாளிலிருந்து நேரே 220-க்குத் தாவுபவர் நேரம் மிச்சம் என மகிழ்வர். எண்ணெய் பூசியதும் பழைய கீறல்கள் பல்லிளிக்கும். வேலையை மீண்டும் தொடங்க நேரும். பொருளை அறிந்து உழைப்பைக் குறைப்பது அறிவு. அறியாமல் தாவுவது அவசரம்.

கடற்கரைச் சங்கும் அத்தகைய அவசரக் குறுக்குவழியே. இழைக்க வேண்டா, மெருகேற்ற வேண்டா. எடுத்து ஒட்டினால் போதும். 'உயிர் போன வெறுங்கூடுதானே, எடுத்தால் யாருக்கு இழப்பு?' என்று சிலர் வினவுவர். இழப்பு துறவி நண்டுக்கு. தன் மென்மையான உடலைக் காக்கும் ஓடு அதற்கு இயல்பாக இல்லை. நத்தை விட்டுச்சென்ற கூட்டிலேயே அது குடியேறுகிறது. வளர வளரப் பெரிய கூட்டைத் தேடுகிறது. தென்னை மரமேறும் தேங்காய் நண்டும் இளமையில் இவ்வாறே வாழ்கிறது. நாம் அலமாரியில் வைத்திருப்பது ஓர் உயிரின் வீடு. சட்டமும் இதனைக் கருதுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பவளங்களும் சங்கு, நத்தை இனங்கள் பலவும் 2001இல் சேர்க்கப்பட்டன.

சிரட்டையை எடுப்பதால் எவ்வுயிரும் வீடிழப்பதில்லை. மேலும், கடல் கடந்து வந்த குடும்பங்கள் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தவை சிலவே. ஆனால் பாட்டியின் கைப்பக்குவத்துக்குப் பெட்டி வேண்டா, எடையும் இல்லை. கேட்டுக் கற்கும் பேரப்பிள்ளை இருந்தால் போதும், அது எந்தத் தீவிலும் வேரூன்றும். கேட்பவர் இல்லையேல் ஒரு தலைமுறையில் மறையும். இனி தேங்காய் துருவிய வீட்டில், சிரட்டையை எறியுமுன் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக:
1. நல்ல குறுக்குவழிக்கும் அவசரக் குறுக்குவழிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உம் வீட்டுப் பெரியோரிடம் ஒரு கைவேலைக் குறிப்பைக் கேட்டு, அதன் காரணத்தோடு ஐந்து வரிகளில் எழுதுக.