சாவியைக் கொடுக்கும் முன் சாலையைச் சொல்லிக்கொடுப்போம்!

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது. மணிக்கு 19 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். நாளுக்கு 49 உயிர். அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்ததும் நம் மாநிலத்தில்தான். நாடு முழுக்க இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள். நம் வயதுக்காரர்கள், நம் தெருக்காரர்கள்! காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர், டெலிவரிக்கு ஓடியவர், பஸ்ஸைத் தவறவிட்டு நண்பனின் பைக்கில் தொற்றிக்கொண்ட மாணவர்.

‘விதி’ என்று சொல்லிக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? பத்துச் சாவில் ஏழு, அதிவேகத்தின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. வேகம் என்ன செய்யும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நம்மில் யார் எப்போது சொல்லிக்கொடுத்தோம்?

நம் ஊரில் வண்டி ஓட்டப் பழகுவது எப்படி என்று நமக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் அப்பாவின் வண்டியை எடுத்துத் தெருமுனை வரை ஒரு ரவுண்டு. வயது வந்ததும் எல்.எல்.ஆர்., பிறகு மைதானத்தில் கால் ஊன்றாமல் ஒரு எட்டு. ஊர்ந்தபடி எட்டுப் போட்டவன் மறுவாரமே நான்குவழிச் சாலையில் எண்பதில் போகிறான். திடீரென்று மாடு குறுக்கே வந்தால் எப்படி நிறுத்துவது என்று அந்த எட்டு சொல்லித்தராது.

நாம் சொல்லித்தருவோம். ஒரு மைதானமும் ஒரு டப்பா சுண்ணாம்பும் போதும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில், கண் ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கைத் தொடும் அந்த ஒரு வினாடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். தரையில் 17 மீட்டர் கோடு போட்டு, அதன் மேல் பிள்ளைகளை நடக்கச் சொல்வோம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்கு என்பதையும் கோடு போட்டே காட்டுவோம். முன் பிரேக் தூக்கி அடிக்கும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர்கள் ஏராளம். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று பிடிக்காமல் அழுத்திப் பழக்குவோம். ஹெல்மெட்டின் வாரைப் பூட்டாவிட்டால் அது விழும்போது கழன்று ஓடும் என்பதையும் காட்டுவோம்.

சைக்கிள் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புக்கு விலையில்லா சைக்கிள் வருகிறது. அருமையான திட்டம். அந்தச் சைக்கிளோடு சாலைப் பாடமும் சேர்ந்து வரட்டும். ஓட்டுநர் தோழர் ஒருவரிடம் கேட்டு, நிற்கிற லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு மாணவியை உட்கார வையுங்கள். இடப்பக்கம் வண்டியை ஒட்டிச் சைக்கிளோடு நிற்கும் தோழி அவள் கண்ணுக்குத் தெரிகிறாளா என்று கேளுங்கள். லாரி திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே வெட்டி வரும் என்பதையும் நேரில் காட்டுங்கள். பிறகு அவள் ஒருநாளும் லாரியின் இடப்பக்கம் நுழைய மாட்டாள்.

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று தயங்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். சம்பளம் வாங்காத தொண்டர்கள் தெருத்தெருவாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வயற்காட்டுப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் பெடல் மிதித்தார்கள். அந்த மண்ணில் முடிந்தது, இன்று ஒவ்வொரு ஒன்றியத்திலும் முடியும்.

எனவே தோழர்களே, நம் இயக்கத்தின் ஒவ்வொரு கிளையும் வரும் ஞாயிறன்றே ஒரு மைதானத்தைப் பிடியுங்கள். பஸ், லாரி, ஆட்டோ ஓட்டும் மூத்த தோழர்களை ஆசிரியர்களாக அழைத்து வாருங்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். வெளிச்சமில்லாத சைக்கிள்களுக்குப் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பைக் கொடுத்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்பதை வீடு வீடாகச் சொல்லுங்கள். அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரிடம் பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, அதற்கும் சட்டம் இருக்கிறது என்று தைரியம் கொடுங்கள்.

அரசிடமும் உரிமையோடு கேட்போம்: ஒன்றியத்துக்கு ஒரு இலவசப் பயிற்சித் திடல், பள்ளி நேரத்திலேயே சாலைப் பாடம், எட்டோடு நிற்காமல் பிரேக்கையும் சோதிக்கும் ஓட்டுநர் தேர்வு. அபராத ரசீது கிழிப்பதில் காட்டும் வேகத்தைக் கற்றுக்கொடுப்பதில் காட்டுங்கள் என்று கேட்போம். ஆனால் ஆணை வரட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது. நாளைக்கும் 49 வீடுகளில் சாவு விழக்கூடும். அந்தக் கணக்கைக் குறைக்கும் வேலை நம்முடையது.

மைதானத்துக்கு வாருங்கள், தோழர்களே! ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்குச் சாலையைச் சொல்லிக்கொடுங்கள்!