போன்ஷூருக்கு எத்தனை மார்க்?

பக்கத்து ஃப்ளாட் பெண் சென்னையில் பி.காம். படிக்கிறாள். பார்ட் ஒன் மொழிப்பாடம் பிரெஞ்சு. செமஸ்டரில் 94 மார்க். ‘எங்கே, பிரெஞ்சில் ஏதாவது பேசு’ என்றேன். ‘போன்ஷூர் அங்கிள்’ என்றாள். அதற்கு மேல் வண்டி நகரவில்லை.

‘பேசறதுக்கு யாரு அங்கிள் எடுத்தா? மார்க்குக்குத்தானே!’

அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். பொய் சொல்வது கல்லூரிகள்தான். பிராஸ்பெக்டஸில் ‘உலகத் தரம்’ என்கிறார்கள். மொழிப்பாடத்தில் அந்த உலகத் தரம் என்ன? விண்ணப்பத்தில் தமிழுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போட்டு, டிக் அடிக்கச் சொல்வது!

நிஜமான உலகம் வேறு மாதிரி அளக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் ஓர் அளவுகோல் வெளியிட்டது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். கேட்க, பேச, படிக்க, எழுத வருகிறதா என்பதுதான் கேள்வி. பிரான்ஸ் அரசின் டெல்ஃப் தேர்வில் எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெற பெரும்பாலும் பி2 வேண்டும். அங்கே நம் 94-ஐ நீட்டினால், ‘ஏ1 வகுப்பு அந்தப் பக்கம்’ என்பார்கள். அதனால்தான் வெளிநாட்டுக் கனவுள்ள பிள்ளைகள், கல்லூரிக்கும் கட்டிவிட்டு அலியான்ஸ் பிரான்சேஸுக்கும் மாக்ஸ்முல்லர் பவனுக்கும் தனியாக ஃபீஸ் கட்டுகிறார்கள்.

தமிழ் ஆர்வலர்கள் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். அடுத்த கேள்வி உங்களுக்கு. இவள் ஏன் தமிழை விட்டு ஓடினாள்?

‘தமிழ்னா மனப்பாடப் பாட்டு, பக்கம் பக்கமா கட்டுரை. என்ன எழுதினாலும் மார்க் வராது.’

2006-ல் வந்த சட்டம், பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. நல்லதுதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பு வாசலில் கட்டாயம் முடிந்ததுமே ஒரு பிள்ளை ஓடுகிறதென்றால், பத்து வருடம் நாம் என்ன சொல்லிக் கொடுத்தோம்?

என் யோசனை எளிமையானது. எந்த மொழியானாலும் பாதி மார்க் பேசுவதற்கும் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும். பிரெஞ்சுக்காரி பாரிஸ் ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கும் அளவுக்காவது பேசட்டும். தமிழ் எடுத்தவன், தான் படித்த ஒரு சிறுகதை ஏன் பிடித்தது என்று ஐந்து நிமிஷம் சொல்லட்டும். கோனார் உரை அதற்கு உதவாது. அப்புறம் மார்க்குக்காக யாரும் மொழி மாறமாட்டார்கள். ஆசைப்பட்ட மொழியைப் படிப்பார்கள்.

யோசனையை அவளிடம் சொன்னேன். அலறிவிட்டாள்.

‘ஐயோ அங்கிள், அப்ப நிஜமாவே படிக்கணுமே!’

ஆமாம்மா. அதற்குத்தானே காலேஜ்!