நெடுந்தீவின் நன்னீர்

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் எனப்பட்டது. அவற்றுள் டெல்ப்ட் என்னும் பெயரே அரசாங்க ஏடுகளில் இன்றும் வழங்குகின்றது. ஊரார்க்கோ அது என்றும் நெடுந்தீவுதான். ஒல்லாந்தருக்கு முன் வந்த போர்த்துக்கேயர் அதனைப் 'பசுத்தீவு' என்றனர். எமக்கு இதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது. மேய்ச்சல் நிலத்தைக் கண்ணாற் கண்டு இட்ட பெயரன்றோ!

ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இத்தீவு முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் ஆனது. வளவெல்லைகளிலே சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் மதில்கள் நிற்கின்றன. காண வருவோர் இம்மதில்களையும் கோட்டையின் இடிபாட்டையும் பெருக்குமரத்தையும் படம்பிடித்துக்கொண்டு படகேறிவிடுகின்றனர். கிணற்றை எட்டிப் பார்ப்போர் அரியர். ஆயினும் இத்தீவின் வாழ்வும் தாழ்வும் கிணற்றடியிலேதான் என்பது எம் கருத்து.

இங்கு ஆறு இல்லை. மாரிமழை கல்லிடுக்குகளின் வழியே கீழிறங்குகின்றது. நிலத்தடியிலோ கடல்நீர் ஊடுருவி நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலின் அதன்மேல் மிதக்கின்றது. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் கிடக்கும் இந்நீர்ப்படையை 'வில்லை' என்பர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை வகுத்தவர் பாடொன் கைபென் என்னும் பொறியியலாளர். அவரும் ஓர் ஒல்லாந்தரே!

மாணவர் இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். நன்னீரின் மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், உவர்நீர் கீழிருந்து ஏறத்தாழ 40 அடி மேலேறும். வேறிடங்களில் நீர் குறைந்தாற் கிணற்றை ஆழமாக்குவர். இங்கு அவ்வாறு செய்தால் உப்புநீரே கிடைக்கும். முன்னோர் ஆழமற்ற துரவுகளில் அளவாக மொண்டு குடித்தமைக்குச் சோம்பல் காரணமன்று.

1985 மே 15ஆந் திகதி, குமுதினிப் படகிற் பயணஞ்செய்தோரில் இருபதுக்கு மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். போர்க்காலத்திற் பல குடும்பங்கள் வன்னிக்கும் பிறநாடுகளுக்கும் பெயர்ந்தன. திரும்பி வாழ நினைப்போர்க்கு வீடும் மதிலும் இருந்தாற் போதா; கிணறு நன்னீராயிருத்தல் வேண்டும். ஒருவர் தம் வளவில் மோட்டார் வைத்து மிகுதியாக இறைத்தால் அயலவர் கிணறும் உவராகலாம். மதில் நிலத்தின்மேல்தான் நிற்கின்றது. நிலத்தடி நீருக்கு ஏது வேலி?

குதிரைகளின் பாடு இன்னுங் கடினம். பிறநாட்டார் ஆட்சியில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெளிகளிலே கட்டின்றித் திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தலால் நீர் ஊறுவதில்லை. வறண்ட ஆண்டுகளில் அவை தாகத்தால் மடிந்ததுண்டு. தாமே நீருக்கு அலையும் ஊரார், தொட்டிகளில் நீர் நிரப்பி அவற்றைக் காத்ததும் உண்டு.