குலைநோயும் நெற்பயிரின் காவலும்

வயலில் குலைநோய் காணும்போது, “நோய் தாங்கும் ரகம் என்றல்லவா விதை வாங்கினோம்?” என்று குடியானவர்கள் மனம் வருந்துவது இயல்பே. விதையில் மோசம் நேர்ந்திருத்தலும் கூடும், எப்பொழுதும் அப்படியன்று. நோய் தாங்குதல் என்பது யாதென அறிந்தால், குறை நம் சாகுபடி வழக்கத்திலும் இருப்பது விளங்கும்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம். தஞ்சை டெல்டாவில் இது 1913-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 1919-இல் அங்கே பெருஞ்சேதம் விளைவித்தது. பனி படிந்த இலைமேல் விழும் அதன் வித்து முளைத்துக் குமிழ் போன்றதோர் உறுப்பை உண்டாக்கி, காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 80 மடங்கு அழுத்தத்தை அதனுள் திரட்டி, இலைத்தோலைத் துளைத்துவிடுகிறது. உட்புகுந்தபின் பலவகைப் புரதங்களைச் சுரந்து பயிரைத் தன்வசப்படுத்துகிறது. அவற்றுள் ஏவிஆர்-பிட்டா என்பது, புரதத்தை அறுக்கும் நொதிகளின் அமைப்பை ஒத்தது.

சில நெல் ரகங்களின் உயிரணுக்களுக்குள் பிட்டா என்னும் காவற்புரதம் உண்டு. அது அந்த நொதியை நேரே பற்றி அடையாளங்காண்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அறிந்தவுடன் தாக்குண்ட அணுக்கள் தாமே மடிந்து, பகையின் வழியை அடைக்கின்றன. தெருவில் தீப்பற்றினால் அடுத்த கூரையைப் பிரித்தெறிவதைப் போன்றது இச்செயல். இலையில் சிறு புள்ளி தோன்றலாம். சாம்பல் நிற நடுவுடைய கண்வடிவப் புண் பரவாது. இக்காவலின் நுட்பம் வியக்கத்தக்கது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த அச்சங்கிலியில் 918-ஆம் இடத்தில் அலனைன் இருந்தால் பயிர் பகையை அறியும். செரைன் இருந்தால் அறியாது.

இவ்வளவு நுட்பமான காவல் எளிதில் ஏமாறவும் கூடும். பூஞ்சணம் அந்த நொதியைச் சற்று மாற்றிக்கொண்டாலோ, அறவே இழந்தாலோ, காவலாளிக்கு அடையாளம் தெரியாது. அமெரிக்காவின் ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் பிட்டா காவலுடைய பாங்ஸ் என்னும் ரகம் 2004-இல் இவ்விதமே குலைநோய்க்கு இரையாயிற்று.

ஆகவே, ஒரு வாய்க்காலின் கீழுள்ள நிலமெல்லாம் ஒரே ரகத்தை நடுவதை நான் கண்டிக்கிறேன். அக்காவலுக்குத் தப்பிய பூஞ்சண வகை ஒன்று தோன்றினால், ஊர் முழுவதும் அதற்குத் திறந்த வீடாகிவிடும். சந்தையில் நல்ல விலை உண்டென்று, குலைநோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் பி.பி.டி. 5204 ரகத்தையே எங்கும் நடுவது அதனினும் துணிச்சலான செயல். விலையைப் புறக்கணிக்கும்படி நான் சொல்லவில்லை; பாதி நிலத்திலாவது வேறு ரகம் இருக்கட்டும்.

விதை அட்டையில் “நோய் தாங்கும்” என்று எழுதுவது மட்டும் போதாது. எந்தக் காவலைக் கொண்டது என்பதையும் துறையினர் தெரிவித்தல் வேண்டும். பெயர் வேறான இரண்டு ரகங்கள் ஒரே காவலை நம்பியிருந்தால், மாற்றி நட்டும் பயனில்லையன்றோ? கிராம அதிகாரிகளும் அடங்கலில் நெல் என்பதோடு ரகத்தையும் குறித்துவைத்தால், நோய் எந்த ரகத்தில் முதலில் புகுந்தது என்று கண்டுகொள்ளலாம்.

எந்த ரகமாயினும் யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் இலை தழைத்து நோய்க்கு வாகாகும். தவணை பிரித்து இடுக. மேகமூட்டமும் இரவுப்பனியும் தொடரும் நாட்களில் தினமும் வயலைப் பார்த்து, முதற்புண் கண்ட அன்றே வேளாண்மை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். கதிரின் கழுத்து கறுத்து மணி பதரான பின் மருந்தடித்து ஆவதொன்றுமில்லை.